கசெற் அட்டையின் கடைசி வரி

ஏ.ஆர். ரகுமானை எங்கள் ஊரில் தெரியாதவர் இல்லை. எஸ்.பி.பி.யும் சித்ராவும் வீட்டு ஆட்கள். எச். ஸ்ரீதர் என்ற பெயரை மட்டும் ஸ்கந்தபுரத்தில் என்னைத் தவிர ஒருவரும் அறியவில்லை என்று சின்ன வயதில் எனக்கொரு பெருமை இருந்தது. அவர் பாடகர் இல்லை, இசையமைப்பாளர் இல்லை, எந்தப் படத்திலும் முகம் காட்டியவர் இல்லை. பாட்டுக் கசெற்றின் அட்டையில் எல்லாருடைய பெயரும் முடிந்தபிறகு, பொடி எழுத்தில் ஒலிப்பொறியாளர் என்று ஒரு வரி வரும். அவர் அங்கே இருந்தார்.

அந்த வரிவரை நான் வாசித்ததற்கு யுத்தம்தான் காரணம். 1996 இல் இலங்கை இராணுவத்தின் சத்ஜய நடவடிக்கையோடு கிளிநொச்சி நகரம் அதன் கைக்குப் போனது. நகரத்துச் சனமும் கடைகளும் அலுவலகங்களும் தென்மேற்குப் பக்கமாக நகர்ந்து வந்தன. ஆஸ்பத்திரி அக்கராயனில் இயங்கத் தொடங்கியது. குளத்துத் தண்ணியை நம்பி நெல்லும் மிளகாயும் செய்துகொண்டிருந்த ஸ்கந்தபுரம் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பட்டினமாகிவிட்டது. கிடுகுக் கொட்டில்களுக்குள் புடவைக்கடை, நகைக்கடை, சைக்கிள் திருத்துகிற கடை, தேத்தண்ணிக்கடை. அவற்றுக்கு நடுவே கிளிநொச்சியிலிருந்து ஒரு றெக்கோடிங் பாரும் இடம்பெயர்ந்து வந்து சேர்ந்தது.

பள்ளிக்கூடம் விட்டால் நான் அங்கேதான் நிற்பேன். வவுனியாவால் யாரோ கொண்டுவந்த ஒரிஜினல் கசெற் ஒரு படத்துக்கு ஒன்றுதான் இருக்கும். அதை வைத்து, பழைய கசெற்றுகளை அழித்து அழித்து எல்லாருக்கும் பதிந்துகொடுப்பார்கள். ஒரிஜினல் அட்டையைப் பார்த்து பிறிஸ்டல் போட்டில் அழகாக எழுதிக் கொடுப்பது என் வேலை.

“பாட்டின்ர பேரும் பாடின ஆக்களின்ர பேரும் காணும். மற்றதையெல்லாம் ஆர் பாக்கப்போகினம்?” என்று கடை அண்ணை சொல்லுவார். எனக்கு அந்த ‘மற்றதெல்லாம்’தான் பிடிக்கும். எங்கே பதிந்தார்கள், யார் பதிந்தார்கள் என்று கடைசி வரிவரைக்கும் எழுதுவேன். எழுதி எழுதியே ஸ்ரீதர் எனக்குப் பழக்கமானார்.

“அண்ணை, ஒலிப்பொறியாளர் எண்டால் என்ன வேலை?”

“மைக்செற் போடுறவர்.”

கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் புனல் ஸ்பீக்கரை மரத்தில் கட்டுகிறவர்களைத்தான் எங்களுக்கு மைக்செற்காரர் என்று தெரியும். சென்னையில் ஒருவர் மரத்துக்கு மரம் ஏறி ரகுமானுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறார் என்று கொஞ்சக்காலம் நம்பியிருந்தேன்.

*

மின்சாரம் இல்லாத ஊரில் பாட்டுக் கேட்பது உடம்பு வேலை. பொருளாதாரத் தடையில் பற்றரி வருவதில்லை. பெற்றோல் தங்கம். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து இரண்டு வயர் றேடியோவுக்குப் போகும். செய்தி நேரத்துக்கு ஊரில் எல்லா வீட்டு முற்றத்திலும் ஒரு சில்லு சுழலும். செய்திக்கு அது போதும், கசெற்றுக்குத்தான் கரைச்சல். சுற்றுகிறவனின் கை களைத்தால் மோட்டர் மெதுவாகும், மோட்டர் மெதுவானால் சுருதி இறங்கும். மாறிச் சுற்ற வருகிறவன் புது வேகத்தில் தொடங்க, அழுதுகொண்டிருந்த பாட்டு திடீரென்று சந்தோசமாகிவிடும். ஒலி என்பது இழுக்கவும் நீட்டவும் கூடிய சாமான் என்று எனக்கு முதலில் காட்டித் தந்தது அந்தச் சில்லுத்தான்.

மற்றப் பாடம் பங்கருக்குள் நடந்தது. வன்னியில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் சத்தத்தைத் தரம் பிரிக்கும். ஹெலியின் சத்தம் வேறு, சகடை என்று சனம் பேர் வைத்த குண்டுபோடும் விமானத்தின் இரைச்சல் வேறு. கிபிர் ஜெட் என்றால் சத்தம் காதில் ஏறுவதற்குள் அது தன் அலுவலை முடித்துக்கொண்டு திரும்பியிருக்கும். பிற்காலத்தில் வேவு விமானம் வந்தபோது அதற்கு வண்டு என்று பேர் விழுந்தது. அந்தப் பேரை வைத்தவரும் காதால்தான் வைத்தார். செல்லென்றால் முதலில் ஏவுகிற இடத்தில் அது குத்துகிற சத்தம் கேட்கும், அதன்பிறகுதான் விழும். குத்துச் சத்தம் கேட்டதும் அம்மம்மா உரலடியில் நின்றபடியே வாய்க்குள் எண்ணத் தொடங்குவா. எந்த எண்ணுக்குமேல் போனால் அது எங்களைத் தாண்டிப் போகிறது என்று அவவுக்கு ஒரு கணக்கு இருந்தது.

தூரத்தில் விழுகிற செல் ‘தும்’ என்று மட்டும் கேட்கும். கிட்ட விழுந்தால் முதலில் ஒரு கிழிசல், அதற்குப் பிறகு அதிர்வு, அதற்கும் பிறகு ஓட்டில் மண் கொட்டுகிற சத்தம். இதன் காரணத்தைப் பிறகு ஒலித் தொழில் படித்தபோது அறிந்தேன். காற்று உயர்ந்த அதிர்வெண்களை முதலில் விழுங்கிவிடும், தாழ்ந்தவை நெடுந்தூரம் தாக்குப்பிடிக்கும். ஒரு வெடியைத் தூரத்தில் வைக்க வேண்டுமென்றால் மிக்சிங் மேசையில் இருப்பவர் சத்தத்தைக் குறைத்தால் மட்டும் போதாது, அதன் கூர்மையையும் சீவ வேண்டும். இந்த விதியைப் படிப்பித்தவர் வெள்ளைப் பலகையில் வரைபடம் கீறினார். எனக்கு அம்மம்மாவின் வாயசைவு ஞாபகம் வந்தது.

*

ஸ்ரீதர் சென்னையில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைத் துண்டு துண்டாகத்தான் அறிந்துகொண்டேன். இந்தியாவின் தேசியத் திரைப்பட விருதுகளில் ஒலிப்பதிவுக்கென்று ஒன்று இருந்தது. அதை அவர் நான்கு படங்களுக்கு வாங்கினார். முதலாவது ‘மகாநதி’, கே.எம். சூரிய நாராயணுடன் சேர்ந்து. பிறகு ‘தில் சே’, அது ‘உயிரே’ என்று தமிழ் பேசி எங்களிடம் வந்தது. மூன்றாவது ‘லகான்’, நகுல் காம்தேயுடன் சேர்ந்து. நான்காவது ‘கன்னத்தில் முத்தமிட்டால்’, ஏ.எஸ். லக்ஷ்மிநாராயணனுடன் சேர்ந்து. இன்னொரு பக்கம், பஞ்சதன் றெக்கோர்ட் இன் ஒலிக்கூடத்தில் ரகுமானின் பாட்டுகளைப் பதிந்து கலந்துகொண்டிருந்தவரும் அவர்தான்.

இந்த வேலையின் பெறுமதி விளங்க, அவர் தொழிலுக்கு வந்த காலத்துத் தமிழ்ப் படம் எப்படிக் கேட்டது என்று தெரியவேண்டும். படப்பிடிப்பில் கமரா மெசின் மாதிரி இரையும். ஆகவே அங்கே பதிகிற பேச்சு வெறும் வழிகாட்டி. பிறகு ஒலிக்கூடத்தில் நடிகர்கள் திரையைப் பார்த்துத் திரும்பப் பேசுவார்கள். காலடிச் சத்தம், கதவு, வளையல், அடி, உதை எல்லாம் தனித்தனியே உண்டாக்கப்படும். இசை தனியாக வரும். கடைசியில் ஒருவர் இவை அத்தனையையும் சேர்த்து ஒற்றைத் தடத்தில் இறக்குவார், திரைக்குப் பின்னால் இருக்கிற ஸ்பீக்கரிலிருந்து அது எல்லாரையும் நோக்கி ஒன்றாகப் பாயும். வில்லனின் செருப்புச் சத்தத்துக்கும் கதாநாயகியின் பெருமூச்சுக்கும் இடம் ஒன்றுதான்.

1990களின் நடுவில் அந்த ஒற்றைத் தடம் உடைந்தது. 1995 இல் பி.சி. ஸ்ரீராம் இயக்கிய ‘குருதிப்புனல்’ டொல்பி ஒலியோடு வந்தது. அதில் பாட்டே கிடையாது, எங்கள் றெக்கோடிங் பாருக்கு அந்தப் படத்தால் சதத்துக்குப் பிரயோசனம் இல்லை. பாட்டு இல்லாத இடத்தை ஒலிதான் தாங்க வேண்டியிருந்தது என்பது பின்னாளில் விளங்கியது. அடுத்த வருடம் ‘கறுப்பு ரோஜா’வோடு டி.ரி.எஸ். வந்தது. அதில் ஒலி பிலிமில் இராது, தனி இறுவட்டில் இருக்கும். பிலிமின் ஓரத்தில் பதிந்த நேரக் குறியைப் படித்து இறுவட்டு படத்தோடு ஒட்டி ஓடும். திரையின் இடம், நடு, வலம், பார்வையாளரின் இரண்டு பக்கம், அடிவயிற்றில் இடிக்கிற தாழ்ந்த ஒலிக்கு இன்னொன்று என்று ஆறு வழி. கடைசி வழி கொஞ்சத்தை மட்டும் சுமப்பதால் அதைத் தசமமாக எண்ணி 5.1 என்கிறார்கள். ஒலிக்குத் திசை வந்தது. தமிழில் இந்த மாற்றம் நடந்த ஒலிக்கூடங்களில் அந்த மேசையின் முன்னால் இருந்த கைகளில் ஸ்ரீதருடையது முக்கியமான கை.

இதையெல்லாம் ஸ்கந்தபுரத்தில் நாங்கள் எப்படிக் கேட்டோம்? ஒரு வளவில் ரிவியும் டெக்கும் வாடகைக்கு வரும். மண்ணெண்ணெயில் ஓடுகிற ஜெனரேற்றரை வேலிக்கு அப்பால் கிடங்கு வெட்டி இறக்கி வைத்தாலும் அதன் சத்தம் படம் முழுக்கத் தொடரும். அவர்கள் ஆறு வழியாகப் பிரித்து அனுப்பியதெல்லாம் உள்ளங்கையளவு ஸ்பீக்கர் ஒன்றில் திரும்ப ஒன்றாகி எங்களிடம் வந்தது. முன்னுக்கு இருந்த குழந்தைகளுக்குப் பேச்சுக் கேட்கும், பின்னுக்கு இருந்தவர்களுக்கு ஜெனரேற்றர் கேட்கும். அந்த நிலையிலும் ‘உயிரே’யில் ரயில் பாட்டின் தாளம் ஜெனரேற்றரை ஊடறுத்துக்கொண்டு வந்தது. பெரிய தியேட்டருக்குக் கலக்கிறவர்களும் மேசையில் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்திருப்பார்கள், கலந்ததை அடிக்கடி அதில் போட்டுப் பார்ப்பார்கள் என்று பிறகு கண்டபோது, அது எங்களுக்காக வைத்தது போலவே பட்டது. உலகத்தில் பெரும்பாலான சனம் படத்தைக் கேட்பது அப்படியான ஸ்பீக்கரில்தான். அதில் தேறாத கலவை எங்கும் தேறாது.

*

‘கன்னத்தில் முத்தமிட்டால்’ 2002 பெப்ரவரி 14 இல் வெளிவந்தது. எட்டு நாள் கழித்து, 22 ஆம் திகதி, போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏ9 வீதி திறந்தது, பெற்றோல் வந்தது, பற்றரி வந்தது, விசிடியும் வந்தது. படத்தின் கதை மாங்குளத்தில் தொடங்குகிறது என்று கேள்விப்பட்டதும் ஊரே திரண்டது. மாங்குளம் எங்களுக்குக் கிட்டின ஊர். சினிமாவில் அந்தப் பேரைச் சொல்லக் கேட்பது என்பது மணியான விசயம்.

சனம் அந்தப் படத்தை இரண்டு விதமாகச் சோதித்தது. ஒன்று பேச்சு. “எங்கட தமிழ் கதைக்கப் பாக்கினம், வருகுதில்லை” என்று சிரித்தார்கள். மற்றது சத்தம். வெடி கேட்ட இடத்தில் பெரியப்பா தீர்ப்புச் சொன்னார்: “உது எங்கட செல் இல்லை.” அம்மம்மா அதற்கும் மேலே போனா: “குத்துற சத்தமே கேக்கேல்லை, பிறகு எங்கயிருந்து விழுகுது?” பக்கத்தில் இருந்த கிழவிகள் எல்லாரும் தலையாட்டினார்கள். தேசிய விருதுக் குழுவில் இப்படி ஒரு வரிசை இருந்திருந்தால் ஸ்ரீதர் பாடு திண்டாட்டம்தான்.

அன்றைக்கு நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அதே படத்தை, கொழும்பில் வேலைக்குச் சேர்ந்தபிறகு, ஆறு ஸ்பீக்கர் வைத்த அறை ஒன்றில் டிவிடியில் கேட்டபோதுதான் ஒலிப்பதிவாளர்கள் செய்த வேலை தெரிந்தது. இடம்பெயரும் காட்சியில் பாட்டு முன்னுக்கு நிற்கிறது, சண்டை அதன் பின்னால் நகர்ந்துவிடுகிறது. நாங்கள் இடம்பெயர்ந்தபோது எனக்குக் கேட்டவை ட்ராக்டர் பெட்டியில் மோதுகிற சட்டி பானை, அவிழ்த்துவிட்ட மாட்டின் கத்தல், செயின் கழன்ற சைக்கிள். செல்லும் விழுந்துகொண்டுதான் இருந்தது. தலைக்குமேல் இல்லாத செல்லை, நடக்கிறவனின் காது தானாகவே பின்னுக்குத் தள்ளிவிடும். கிழவிகள் சொன்னது சரி, செல் எங்கள் செல் இல்லை. ஆனால் எது முன்னுக்கு, எது பின்னுக்கு என்ற ஒழுங்கு எங்களுடையதாக இருந்தது.

கடைசியில் தாயும் மகளும் மழையில் சந்திக்கும் காட்சி இன்னும் கஷ்டமானது. மழை என்பது எல்லா அதிர்வெண்ணிலும் பரவிக் கிடக்கும் இரைச்சல், பேச்சின் மெய்யெழுத்துகளை முதலில் தின்னும். மழையைக் குறைத்தால் படம் பொய்யாகும், கூட்டினால் பிள்ளையின் கேள்வி போய்விடும். பிள்ளை வாய் திறக்கும்போது மழை ஒதுங்கி, வாய் மூடியதும் திரும்பி வரவேண்டும். அது ஒதுங்கியதை ஒருவரும் கண்டுபிடிக்கக் கூடாது. 50 ஆவது தேசிய விருதுகளில் அந்தப் படத்துக்கு ஆறு விருது கிடைத்தது. இசை, பாடல் வரி, படத்தொகுப்பு, குழந்தை நட்சத்திரம் எல்லாவற்றையும் பற்றிச் சனம் கதைத்தது. ஒலிப்பதிவு விருதைப் பற்றி யாரும் கதைத்து நான் கேட்கவில்லை. மழையைக் கவனிக்காமல் அழுதார்கள் என்பதுதான் அந்த விருதின் காரணம்.

எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: கேட்பவற்றுள் எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்ப்பதை ஸ்கந்தபுரத்தில் எல்லாரும் உயிருக்காகப் பழகினோம். அதையே தொழிலாகவும் செய்யலாம், அதைக் கொண்டு ஒரு கூட்டத்தை அழவைக்கலாம் என்பதை எனக்குக் காட்டியவர் நான் ஒருநாளும் நேரில் காணாத அந்த மனிதர்.

*

ஏ9 திறந்த காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டி நான் கொழும்புக்குப் போனேன். தொலைக்காட்சித் தொடர் எடுக்கிற இடமொன்றில் பூம் பிடிக்கிற வேலை. நீண்ட தடியின் நுனியில் மைக்கைக் கட்டி, கமராவின் சட்டத்துக்குள் நிழல்கூட விழாமல் நடிகர்களின் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நிற்பது. தோள் கடுக்கும். எனக்கு மேலே இருந்தவர் சிங்கள அண்ணர் ஒருவர், காதைத் தவிர வேறு எதையும் நம்பாதவர். ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் மின்விசிறி, பிறகு மணிக்கூடு, பிறகு பிரிட்ஜ் என்று ஒவ்வொன்றாக நிற்பாட்டுவார். பிரிட்ஜை நிற்பாட்டியதும் தன் வாகனச் சாவியை அதற்குள் வைத்துவிடுவார். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது. ஆகவே பிரிட்ஜைத் திரும்பப் போட மறக்கவும் முடியாது. வீட்டுக்காரரின் மீன் பழுதாகாமல் இருக்க உலகமெங்கும் ஒலிப்பதிவாளர்கள் செய்கிற உபாயம் இது என்றார்.

ஒவ்வொரு இடத்திலும் படப்பிடிப்பு முடிந்ததும் எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி அறையின் வெறும் சத்தத்தைப் பதிவோம். பேச்சை வெட்டி ஒட்டும்போது இடைவெளியில் போட அது வேண்டும். ஒன்றுமில்லாத இடம் என்று ஒன்று கிடையாது. மூடிய அறைக்கும் ஒரு மூச்சு உண்டு, அதை எடுத்துவிட்டால் பார்க்கிறவருக்கு ரிவி பழுதோ என்று தோன்றும். மற்றவர்களுக்கு அந்த ஒரு நிமிடம் கொட்டாவி விடும் நேரம். எனக்குத் தொடக்கத்தில் அது பொறுக்க முடியாத நேரமாக இருந்தது. எல்லாரும் ஒரேயடியாகப் பேசாமல் விட்டால் குத்துச் சத்தத்துக்குக் காது தீட்டுவது என் பழக்கம். ஹெட்போனுக்குள் காகமும் முச்சக்கரவண்டியும் மட்டும் கேட்கக் கேட்க அந்தப் பழக்கம் மெல்ல விட்டது.

‘லகான்’ விருதின் அர்த்தம் அந்த வேலையில்தான் பிடிபட்டது. குஜராத்தின் பூஜ் பக்கத்து வெளியில், படப்பிடிப்பு நடக்கும்போதே நடிகர்களின் பேச்சை நேரடியாகப் பதிந்தவர் நகுல் காம்தே. திறந்த வெளியில் ஊர்ச்சனம் நிறைந்த கூட்டத்தை வைத்துக்கொண்டு அப்படிப் பதிவது சாதாரண காரியமில்லை. அந்தப் பதிவை இசையோடும் கூட்டத்தின் ஆரவாரத்தோடும் சேர்த்து ஒரு படமாகக் கலந்தது ஸ்ரீதரின் பங்கு. ஒரு விருதுக்கு இரண்டு பேர் என்பது அப்படித்தான். பிறகு 2009 ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து அந்த விருதை நேரடி ஒலிப்பதிவு, ஒலி வடிவமைப்பு, இறுதிக் கலவை என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஒலி ஒரு ஆளின் வேலை இல்லை என்பது அரசாங்கக் கடதாசியில் ஏற இவ்வளவு காலம் சென்றது.

*

யுத்தம் திரும்பவும் மூண்டு, 2008 இன் பிற்பகுதியில் ஸ்கந்தபுரம் வெறுமையானது. எங்கள் வீட்டு ஆட்கள் தருமபுரம், விசுவமடுப் பக்கம் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நவம்பர் கடைசியில் நிஷா புயல் வன்னியை வெள்ளத்தில் போட்டது. தறப்பாள் கொட்டிலுக்குள் முழங்கால் தண்ணி என்று யாரோ மூலம் தகவல் வந்தது. அந்தக் கிழமைதான், டிசம்பர் 1 ஆம் திகதி, சென்னையில் எச். ஸ்ரீதர் மாரடைப்பால் காலமானார். வேலைத்தளத்தில் ஒருவர் கணினியைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அன்றைக்கு அழுகிறதற்கு வேறு காரணங்கள் இருந்தபடியால் அதற்கென்று தனியாக அழவில்லை.

2009 பெப்ரவரி 23 ஆம் திகதி, எங்கள் நேரத்துக்குக் காலையில், ஒஸ்கார் விழாவை ரிவியில் போட்டிருந்தார்கள். ‘ஸ்லம்டோக் மில்லியனர்’ படத்தின் ஒலிக்கலவைக்காக இயன் டப், ரிச்சர்ட் பிரைக் இருவருடனும் ரசூல் பூக்குட்டி மேடைக்கு வந்தார். கேரளத்தின் விளக்குப்பாறை என்கிற சின்ன ஊரில், மின்சாரம் இல்லாத வீட்டில் பிறந்து வளர்ந்து, பூனா திரைப்படக் கல்லூரியில் படித்து வந்த மனிதர். அதே மேடையில் ரகுமான் இரண்டு விருது வாங்கித் தமிழில் ஒரு வசனமும் சொன்னார். ஸ்ரூடியோவில் எல்லாரும் கைதட்டினார்கள், சிங்களப் பெடியங்கள் என்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார்கள், நான்தான் வாங்கினதுபோல. அதே காலையில் என் ஊர்ச்சனம் முல்லைத்தீவுக் கரையோரத்தில் சுருங்கிக்கொண்டிருந்த ஒரு துண்டு நிலத்துக்குள் இருந்தது. அவர்கள் கேட்டுக்கொண்டிருந்ததைக் கலக்க ஒரு மேசையும் உலகத்தில் இல்லை. விளக்குப்பாறையைப் பற்றி நினைத்துச் சந்தோசப்பட நான் அடுத்த வருடம் வரை பொறுக்க வேண்டியிருந்தது.

அந்த அடுத்த வருடம், 2010 ஜனவரி முடிவில், ‘ஸ்லம்டோக் மில்லியனர்’ இசைத்தொகுப்புக்கு கிராமி கிடைத்தபோது அதன் ஒலிப்பொறியாளர்களில் ஒருவராக ஸ்ரீதரின் பெயரும் வந்தது. ஆள் போய் ஒரு வருடம் கடந்துவிட்டது. அம்மா அப்போது செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து வெளியில் வந்திருந்தா. அம்மம்மா வரவில்லை.

*

சனம் ஸ்கந்தபுரத்துக்குத் திரும்பியபிறகு நான் ஒவ்வொரு முறை போகும்போதும் ஊரின் ஒலி மாறிக்கொண்டிருந்தது. மின்சாரம் வந்ததும் மண்ணெண்ணெய் மெசின்களின் இடத்தில் கிணற்று மோட்டர்கள் இரையத் தொடங்கின. கிடுகுக்குப் பதில் தகரம் வந்தது. மழை அதில் வேறு மாதிரி விழுகிறது, மாரியில் வீட்டுக்குள் ஒருவரோடு ஒருவர் கத்தித்தான் கதைக்க வேண்டும். பட்டினமாக இருந்த எங்கள் ஊர் பழையபடி வயல் ஊராகிவிட்டது. யுத்தகாலத்துச் சத்தங்களை இப்போதைய பிள்ளைகளுக்கு வாயால் செய்து காட்டினால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தக் கல்வி அவர்களுக்கு வேண்டாம்.

அதற்குப் பதிலாக அவர்களிடம் கைபேசி இருக்கிறது. பக்கத்து வளவுப் பெடியன் ஒருவன் குறும்படம் எடுக்கிறான். குளத்தைப் பற்றின படம். போன முறை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். படம் பிடித்த விதம் நல்லாயிருந்தது. குளக்கட்டில் விடிகாலைக் காட்சியில் ஒரு பறவை கத்தியது.

“தம்பி, இது என்ன குருவி?”

“தெரியாது அண்ணை. இன்ரநெற்றில இறக்கினது.”

“அக்கராயன் குளத்துக்கு இது எப்ப வந்தது?”

அவன் சிரித்துவிட்டான். ஒரு பின்னேரம் இரண்டு பேரும் குளக்கட்டில் போய் இருந்தோம். நீர்க்காகம் சிறகை உதறுகிறது, துருசுக்குள்ளால் தண்ணி போகிறது, தூரத்தில் யாரோ மாட்டைக் கூப்பிடுகிறார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டதை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதச் சொன்னேன். எழுதி முடித்ததும் அந்தப் பட்டியலில் பாதியை வெட்டச் சொன்னேன். வெட்டத்தான் அவன் அதிக நேரம் எடுத்தான். எதை வெட்டினான் என்று பார்த்தபோது அவனுக்குக் காது இருக்கிறது என்று விளங்கியது. மாட்டுக்காரரின் குரலை அவன் வெட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவன் தன் அம்மாவின் குரலைப் பதிய வேண்டும் என்றான். குளத்தின் கதையை அவதான் சொல்லப்போகிறா. எந்த மைக் வாங்கலாம், எவ்வளவு முடியும் என்று கேட்டபடி கைபேசியில் விலைகளைக் காட்டிக்கொண்டு நின்றான்.

“மைக்கைப் பிறகு பாப்பம். முதல்ல அந்த மோட்டரை நிப்பாட்டு.”

“ராங்கிக்குத் தண்ணி ஏறுது அண்ணை. நிரம்ப அரை மணித்தியாலம் செல்லும்.”

“அப்ப அரை மணித்தியாலம் பொறு,” என்றேன். “இந்தத் தொழிலில பாதி நேரம் அதுதான் வேலை.”